முதுகைக் காட்டினால் சூடாகும் கார்

மேஸ்திரி வாசற்படியில் ஒரு காலைத்தான் வைத்தார். பின்னால் ஷெட்டில் நின்ற கார் "ங்ங்ங்" என்று முனக ஆரம்பித்துவிட்டது.

"ஆரம்பிச்சிட்டியா? உனக்கு என்னதான்டா வேணும்?" என்று வைத்த காலை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. உள்ளே ஆள் கிடையாது. கதவெல்லாம் பூட்டியிருக்கிறது. சாவி என்ற பெயரில் மாப்பிள்ளை கொடுத்துவிட்டுப் போன அட்டை அவர் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் யாரோ உள்ளே உட்கார்ந்து குளிர்காய்கிற மாதிரி வண்டி தானாகச் சூடாகிறது. கதவைத் திறந்தால் அடுப்புக்குள் தலையை விட்டதுபோல் முகத்தில் அடிக்கிறது. சரியாக அரை மணி நேரம். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிவிடுகிறது.

மின்சாரக் கார். வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. மாப்பிள்ளையும் மகளும் மாடியில் குடியிருக்கிறார்கள். வேலை நாளில் இரண்டு பேரும் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார்கள். கார் கீழே ஷெட்டில் ஓய்வெடுக்கும். இன்றைக்கு அதற்கும் ஓய்வில்லை, மேஸ்திரிக்கும் ஓய்வில்லை.

மேஸ்திரிக்கு ஓய்வு பிடிக்காது என்பது வேறு விஷயம். பதினாலு வயதில் லாரிக்கு அடியில் படுத்தவர், அறுபதில்தான் எழுந்து வெளியே வந்தார். நடுவில் ஒரு கியர்பாக்ஸ் நழுவி இடதுகைச் சுண்டுவிரலில் பாதியை எடுத்துக்கொண்டது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, அதே கியர்பாக்ஸை மேலே ஏற்றி மாட்டிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். கேட்டது கேட்டபடி இருக்கும். லாரி தெருமுனையில் திரும்பும்போதே எந்த வால்வு சொல்பேச்சுக் கேட்கவில்லை என்று சொல்லிவிடுவார்.

மூன்று மாதத்துக்கு முன் அவர் ஓய்வு பெற்றார். காது ஓய்வு பெறவில்லை. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அந்தக் காதில் வந்து விழுந்தன. மிக்ஸியில் பேரிங் தேய்கிற சத்தம். கூடத்து ஃபேனில் ஒரு 'டக்'. வாஷிங் மெஷின் டிரம்மில் லேசான ஆட்டம். அவர் பிரிக்கிற நாள்வரை மூன்றும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இப்போது மூன்றும் பின்னறையில் செய்தித்தாள் விரித்துப் படுத்திருக்கின்றன. மிக்ஸி மட்டும் பதினொரு துண்டு.

"கெட்டுப்போச்சுன்னு யார் சொன்னது? வேலை பாதியில இருக்கு. அவ்ளோதான்," என்பார்.

அவர் மனைவி இரண்டு மாதமாகக் கையால்தான் துணி துவைக்கிறாள். உள்ளங்கை வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. மேஸ்திரி அதைக் கவனிக்காமல் இல்லை. அடுத்த வாரம் டிரம்மை மாட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வார். அந்த அடுத்த வாரம் இதுவரை எட்டுத் தடவை வந்து போயிருந்தது.

இன்று காலை சாப்பிட்டுக் கைகழுவியதும் அவர் ஃப்ரிட்ஜில் காதை வைத்தார்.

"கம்ப்ரஸர் மூச்சு விடறது சரியில்ல. இன்னிக்கி இதைப் பிரிச்சுப் பார்த்துடறேன்."

மனைவி துடைத்துக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். மேஸ்திரி ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்திருப்பார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க! கார்ல என்னமோ சத்தம் கேக்குது. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார். கார் கொதித்துக்கொண்டிருந்தது.

"விடுங்க. மாப்பிள்ளை வரட்டும். கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டுக்கலாம். இதெல்லாம் உங்களுக்குப் புரியாது," என்றாள், பின்னாலேயே வந்த மனைவி.

அந்தக் கடைசி வார்த்தை மேஸ்திரியின் மண்டையில் நேராகப் போய் உட்கார்ந்தது.

"எனக்கா? எனக்காடி புரியாது? நாலு சக்கரத்துல உருள்ற எதுவும் என்னை ஏமாத்த முடியாது. மாப்ள அஞ்சரைக்கு வருவாரு. அதுக்குள்ள கண்டுபிடிச்சு நிறுத்தறேன். இல்லேன்னா டூல் பெட்டிச் சாவியை உன் கையில குடுத்துடறேன். அப்புறம் இந்த வீட்ல ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடமாட்டேன்."

"நிஜமாவா?"

"நாப்பத்தாறு வருஷத் தொழில் மேல சத்தியம்."

"கண்டுபிடிச்சிட்டீங்கன்னா?"

"நான் ஃப்ரிட்ஜைப் பிரிக்கறப்ப நீ குறுக்க வரக்கூடாது."

"சரி," என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. தன் குரலில் இருந்த உறுதியைப் பார்த்து அசந்துவிட்டாள் என்று மேஸ்திரி எடுத்துக்கொண்டார்.

அந்த முதல் கொதிப்பையும் சேர்த்துத்தான் இந்த மூன்று தடவை.

பானெட்டைத் திறந்தபோது அவருக்கு முதல் அதிர்ச்சி. உள்ளே இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் மூடி. சமையல் மேடை மாதிரி வழித்துத் துடைத்திருந்தது. எண்ணெய் இல்லை, கரி இல்லை, ஒரு வாசனைகூட இல்லை.

"என்னய்யா வண்டி இது? கையில அழுக்குப் படாம எப்படி வேலை பார்க்கறது?"

பக்கத்து வீட்டு மதில்மேல் ஒரு தலை தெரிந்தது. முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து இறங்கியவர். இப்போது மதிலோரத்தில் நின்றபடி தெருவுக்கே டிக்கெட் கிழிப்பார்.

"என்ன மேஸ்திரி, மாப்பிள்ளை வண்டியில கை வெச்சாச்சா?"

"அதுவா கூப்பிட்டுது, வெச்சேன்."

"ஆரஞ்சு கலர் வயரைத் தொட்டுடாதீங்க. அதைத் தொட்டா அடுத்த ஸ்டாப்பிங் மேல்லோகம்தானாம். பேப்பர்ல போட்டிருந்தான்."

"எனக்குத் தெரியும்யா. தொட்டுட்டு சுவத்துல படமாத் தொங்க நான் என்ன மடையனா?"

ஸ்க்ரூ டிரைவரைப் பிளாஸ்டிக் மூடியில் வைத்துக் காதைக் கொடுத்தார். கொசு பாடுகிற மாதிரி ஒரு இரைச்சல். நாற்பத்தாறு வருடத்தில் கேட்காத சத்தம். ஆனால் முகத்தில் அதைக் காட்டவில்லை.

"வெயில்தான்," என்று தீர்ப்புச் சொன்னார். "உள்ள சூடு ஏறுது. அதை வெளிய தள்றதுக்காக ஃபேன் ஓடுது."

கண்டக்டர் மேலே பார்த்தார். வானம் முழுக்கச் சாம்பல் மேகம். அந்த நேரம் பார்த்து அவர் மூக்கின்மேல் ஒரு தூறல் விழுந்தது.

"வெயில் ரொம்ப அதிகம்தான் மேஸ்திரி," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

தூறலில் நனையாமல் இருக்கட்டும் என்று மேஸ்திரி டூல் பெட்டியை எடுத்துக் காரின் பின்சீட்டில் வைத்தார். மூக்குக்கண்ணாடியை முன்னால் ஸ்டீயரிங் பக்கத்தில் வைத்தார். இந்த இரண்டு காரியமும் பிற்பாடு அவரைப் பழிவாங்கின.

அடுத்து ஃபியூஸ். மூடிக்குள் ஒட்டியிருந்த படத்தைக் கண்ணாடியில்லாமல் உற்றுப் பார்த்து, ஃபேன் மாதிரி தெரிந்த ஒன்றைப் பிடுங்கினார். அது ஃபேன் இல்லை. வண்டி தன்னைத் திருடுகிறார்கள் என்று முடிவு செய்து, தெருவே அதிரும்படி அலற ஆரம்பித்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ஒரு நாய் முழங்கால் உயரத்துக்கு எகிறிக் குதித்தது.

"நிறுத்துங்க மேஸ்திரி!"

"நிறுத்தத்தான்யா பார்க்கறேன்!"

பிடுங்கியதைத் திருப்பிச் செருகியும் அது அடங்கவில்லை. சட்டைப்பையிலிருந்த அட்டையைக் கதவில் நாலு தடவை தேய்த்தபிறகுதான் வாயை மூடியது. திடீரென்று வந்த அமைதியில் எங்கிருந்தோ மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. மேஸ்திரியின் காது நிமிர்ந்தது.

"கண்டக்டரே, உங்க வீட்டு மிக்ஸிக்குப் பேரிங் புதுசு. சத்தம் வெண்ணெய் மாதிரி இருக்கு."

"எங்க வீட்ல ஆளே இல்லையே மேஸ்திரி. ரெண்டு நாளா நான் மட்டும்தான்."

"அப்ப எதிர்வீடு. எங்கயோ ஒரு வீட்ல ஒழுங்கா வேலை தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான்," என்று மனதாரப் பாராட்டினார் மேஸ்திரி.

தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர் குடிக்க வீட்டுப் பக்கம் நடந்தார். படிக்கு மூன்றடி இருக்கும்போது பின்னால் "ங்ங்ங்".

ஜன்னல் திறந்தது. மனைவி ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

"உள்ள வராதீங்க. தரையைத் துடைச்சு விட்டிருக்கேன். கால் எல்லாம் சேறு. சாப்பாடும் அங்கயே கொண்டாந்து தரேன்."

"என் மேல உனக்கு இவ்ளோ அக்கறையா?"

"பாருங்க, திரும்ப முனகுது. போங்க, போங்க. மணி ரெண்டாச்சு."

தண்ணீரைக் குடித்துவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

"மாப்ள, வண்டி எதுக்கு ஆள் இல்லாமச் சூடாகுது?"

மறுமுனையில் மாப்பிள்ளை பதறினார். "மாமா, நீங்க எதையும் கழட்டலையே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க மாப்ள."

"போன்ல ஒரு ஆப் இருக்கு மாமா. அதுல அழுத்தினா எங்க இருந்தாலும் வண்டி சூடாகும். அரை மணி நேரத்துல தானா நின்னுடும். ஆனா நான் அழுத்தலை. இருங்க, உங்க பொண்ணுகிட்ட கேக்கறேன்... அவளும் அழுத்தலையாம். மாமா, தயவுசெஞ்சு எதையும் கழட்டிடாதீங்க. நான் வந்து..."

"அஞ்சரைக்கு வாங்க. வண்டி ரெடியா இருக்கும்," என்று போனை வைத்தார். அவரும் அழுத்தவில்லை, அவளும் அழுத்தவில்லை. அப்படியானால் கோளாறு வண்டியில்தான். மேஸ்திரிக்கு இப்போதுதான் தெம்பு வந்தது. வண்டிக் கோளாறு என்றால் அது அவருடைய ராஜ்ஜியம்.

மதில்மேல் கண்டக்டர் யோசனையாக நின்றார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா மேஸ்திரி? காலையிலேர்ந்து பார்க்கறேன். நீங்க கிட்ட இருக்கற வரைக்கும் இது சும்மா கிடக்கு. நீங்க வீட்டுப் பக்கம் திரும்பி முதுகைக் காட்டினாத்தான் ஆரம்பிக்குது."

"வண்டிக்கு என்னய்யா முதுகும் முகமும் தெரியும்?"

"வேணும்னா நடந்து பாருங்க."

சூடு அடங்கும்வரை பொறுத்திருந்து மேஸ்திரி நடந்து பார்த்தார். தெருப்பக்கம் நடந்தார். கார் பேசவில்லை. கிணற்றுப் பக்கம் நடந்தார். பேசவில்லை. வீட்டுப் பக்கம் ஆறடி நடந்தார். "ங்ங்ங்."

அடுத்த தடவை அடங்கியதும், காரை முறைத்துப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக வீட்டை நோக்கி நடந்தார். பூந்தொட்டி ஒன்று காலில் தட்டி உருண்டது. "ங்ங்ங்."

"முகத்தைக் காட்டினாலும் ஆரம்பிக்குதே!" என்றார் கண்டக்டர். அவர் சாஸ்திரம் அதோடு செத்தது.

மேஸ்திரியோ கண்ணை மூடி நின்றார். லாரிக்கு அடியில் படுத்திருக்கும்போது வருகிற அந்தத் தெளிவு இப்போது வந்தது.

"முதுகும் இல்ல, முகமும் இல்லய்யா. அட்டை! இது என் சட்டைப்பையில இருக்கு. வீட்டுப் பக்கம் நான் விலகிப்போனதும் முதலாளி போறார்னு வண்டிக்குப் பதட்டம் வந்துடுது. பதட்டத்துல சூடாகுது."

"அட! கைக்குழந்தை மாதிரி."

"அட்டையை அது கண்ணுலயே படாமப் பண்ணிட்டா கதை முடிஞ்சுது."

ஜன்னல் வழியாக அலுமினியத் தாளும் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவும் கேட்டு வாங்கினார். மனைவி ஏன் என்றுகூடக் கேட்காமல் எடுத்துத் தந்தாள். அட்டையைத் தாளில் நாலு சுற்றுச் சுற்றி, டப்பாவில் போட்டு அடைத்து, கண்டக்டரிடம் நீட்டினார்.

"இதைத் தூரமா எடுத்துட்டுப் போங்க."

"எவ்ளோ தூரம்?"

"போற வரைக்கும் போங்க."

இந்த இடத்தில் மேஸ்திரி தெளிவாக ஒரு தூரத்தைச் சொல்லியிருக்க வேண்டும். கண்டக்டர் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு தெருமுனைவரை போனார். அங்கே பஸ் வந்தது. முப்பது வருடப் பழக்கம். கால் தானாக ஏறிவிட்டது. "ரைட்!" என்று அவர் கொடுத்த குரல் ஷெட்வரை கேட்டது.

அதே விநாடி காரின் நாலு கதவுகளும் 'டக்' என்று தாமாகப் பூட்டிக்கொண்டன. டூல் பெட்டி உள்ளே. கண்ணாடி உள்ளே. மேஸ்திரி வெளியே. பானெட் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

தூறல் வலுத்தது. ஷெட்டின் கூரை அரைக் காருக்குத்தான் போதும். மேஸ்திரி குடையைக் கேட்டு வாங்கி, திறந்த பானெட்டுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் யாருக்கும் குடை பிடிக்காதவர். மழையில் முதுகு நனைந்தது. அட்டை இப்போது மூன்று மைல் தாண்டிப் போயிருக்கும்.

"இப்ப என்ன பண்ணுவே?" என்று காரைக் கேட்டுவிட்டு, துண்டு வாங்கலாம் என்று வீட்டுப் பக்கம் ஓரடி வைத்தார்.

"ங்ங்ங்."

அவர் வாயிலிருந்து வந்ததை அச்சில் போட முடியாது. லாரிக்காரர்களுக்குப் புரியும்.

கண்டக்டர் ஒரு முழு ட்ரிப் அடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது மணி நாலேகால்.

"மன்னிச்சுக்குங்க மேஸ்திரி. கடைசி ஸ்டாப்பிங் வந்தப்பறம்தான் எதுக்கு வந்தோம்னு ஞாபகம் வந்துது. என்ன, நின்னுதா?"

மேஸ்திரி டப்பாவைப் பிடுங்கினார். அட்டையை எடுத்துக் கதவைத் திறந்தார். சூட்டில் மூக்குக்கண்ணாடி கையைச் சுட்டது. ஸ்பேனர்களும் சுட்டன. அந்தச் சூடு கையில் பட்டதும் அவருக்குப் பழைய ஒர்க்‌ஷாப் ஞாபகம் வந்தது. அங்கே யாரும் அட்டை, ஆப் என்று ஆராய்ச்சி செய்ததில்லை. அடங்காத வண்டிக்கு ஒரே வைத்தியம்தான்.

"கண்டக்டரே, எதுவா இருந்தாலும் சோத்தை நிறுத்தினா அடங்கும். முன்னாடி ஒரு சின்ன பேட்டரி இருக்கு பாருங்க. நம்ம பழைய பேட்டரி மாதிரியே. பெரிய பேட்டரி சமைக்கும். ஆனா சமையல்காரனை எழுப்பி விடறது இந்தச் சின்னவன்தான்."

"ஆரஞ்சு வயர்?"

"அது அந்தப் பக்கம். இது கறுப்பு."

பெட்டியிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். பதினாலு வயதில் முதன்முதலாகக் கையில் வாங்கிய ஸ்பேனர். பிடி தேய்ந்து அவர் விரலின் வடிவத்துக்கே வந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் இது பெட்டிக்குள் போய், சாவி இன்னொரு கைக்குப் போய்விடுமோ என்று ஒரு கணம் அதை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார். அடுத்த கணமே நட்டில் ஸ்பேனரை மாட்டி ஒரு திருகு திருகினார். கறுப்பு வயர் கையோடு வந்தது.

காருக்குள் எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்தது.

வீட்டுப் பக்கம் பத்தடி நடந்தார். சத்தமில்லை. பின்பக்கமாக நடந்தார். சத்தமில்லை. கையை விரித்து ஒரு சுற்று சுற்றினார். படியில் ஏறினார், இறங்கினார், திரும்ப ஏறி நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு காரைப் பார்த்தார்.

கார் செத்த பாம்பாகக் கிடந்தது.

"கண்டக்டரே, மணி என்ன?"

"அஞ்சாகப் பத்து நிமிஷம்."

"அஞ்சரைன்னு சொன்னேன். நாப்பது நிமிஷம் மிச்சம். பார்த்துக்குங்க."

"மேஸ்திரி மேஸ்திரிதான்!" என்று கண்டக்டர் விரலை மடக்கி வாயில் வைத்து விசில் அடித்தார்.

நாற்பத்தாறு வருடம் லாரிக்கு அடியில் கிடந்த நெஞ்சு இப்போது சட்டைப் பட்டனைத் தெறிக்க வைக்கும்போல் விரிந்தது. சேற்றுக் காலைக் குழாயடியில் நன்றாகக் கழுவிக்கொண்டார். செருப்பை வெளியே விட்டார். ஜெயித்தவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும், துடைத்த தரையை அழுக்காக்கக் கூடாது. முதல் காரியமாக ஃப்ரிட்ஜ். அதற்கு முன் மனைவியின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

அவள் கூடத்து ஜன்னலோரம் தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். மகள் போன மாதம் புதுசு வாங்கியபோது இருந்தது இருந்தபடியே கொடுத்த பழைய போனைக் கையில் வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் கட்டைவிரலால் அதைக் குத்து குத்தென்று குத்திக்கொண்டிருந்தாள். டவர் கிடைக்கவில்லைபோலிருக்கிறது. பாவம், இவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று மேஸ்திரி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். சத்தம் காட்டாமல் பூனைபோல் அவள் முதுகுக்குப் பின்னால் கடந்துபோனார். ஃப்ரிட்ஜை இழுத்துப் போட்டுவிட்டே கூப்பிடலாம்.

நடக்கும்போது தலைமுடியில் காற்றுப் பட்டது. அண்ணாந்து பார்த்தார். கூடத்து ஃபேன் 'டக்' இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

சமையல் மேடையில் மிக்ஸி நின்றது. ஒரே துண்டாக.

கொல்லைக் கதவு திறந்து கிடந்த பின்னறையில் ஒரு ஆள் மண்டியிட்டு, வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டிருந்தார். காக்கிச் சட்டை, முதுகில் ஏதோ ரிப்பேர் கடையின் பெயர். வெறுங்கால் நடந்து வருகிற ஓசை கேட்டதும், தலையை வெளியே எடுக்காமலே குரல் கொடுத்தார்:

"அக்கா, டிரம்மு உக்காந்துடுச்சு, மூடி மட்டும்தான் பாக்கி. போன்ல அந்தக் காரை இன்னும் ஒரே ஒரு தடவை சூடு பண்ணி விடுங்க, மெஷினை மூடற வரைக்கும் பெரியவர் வெளியவே இருக்கட்டும்!"